முருகைத் துண்டு பாறையைப் பற்றும் வரை

கடல்நீர்த் தொட்டியில் முருகை என்ற பவள உயிரியின் துண்டு ஒன்றைப் பாறையில் ஒட்டப்போகிறவர்கள், எந்தப் பசை வலுவானது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: அந்தத் துண்டு அடுத்த சில கிழமைகளுக்கு இம்மியும் அசையாமல் இருக்குமா? பசை செய்வது தற்காலிக வேலை. துண்டின் அடியில் இருக்கும் உயிருள்ள இழையம் பசையின் மேலும் பாறையின் மேலும் மெல்லப் படர்ந்து, தனக்குக் கீழே தானே கல்சியம் காபனேற்றைப் படியவைத்து, கல்லோடு கல்லாகப் பாறையில் பிணைந்துகொள்கிறது. நிலையான பிணைப்பு அதுதான். நீரோட்டத்தில் மயிரிழை அளவு ஆடும் துண்டாக இருந்தாலும், படர வரும் அந்த விளிம்பு உராய்ந்து உராய்ந்து காயப்படுவதால், மாதக்கணக்கில் வைத்திருந்தும் அது பாறையைப் பற்றுவதில்லை.

கட்டாரில் மீன்தொட்டிக் கடை ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு, இப்போது இலங்கையில், மட்டக்களப்பின் கல்லடியில் வசிக்கிறேன். நான் விட்டுவந்த தொட்டியை டோஹாவில் இருக்கும் என் தம்பி பராமரிக்கிறான். அவனுக்கும், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலிருந்து போய் வளைகுடா நாடுகளில் இதே தொழிலைச் செய்யும் பிள்ளைகளுக்கும் தொலைபேசியில் அவ்வப்போது சொல்லிவந்தவற்றை ஓரிடத்தில் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டே மேலே போகவேண்டும். பாசிக்குடாவிலோ காயங்கேணியிலோ வாகரையிலோ உயிருள்ள முருகையை உடைப்பதும் எடுப்பதும் நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். காயங்கேணிப் பாறைத்தொடர் 2019இல் கடற் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் அதற்கு உடன்படமாட்டேன். இங்கே எழுதுவதெல்லாம் தொட்டிகளில் வளர்த்து, வெட்டி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் துண்டுகளைப் பற்றியது. கல்முருகைகள் அனைத்தும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் அடங்குவதால், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அவற்றைக் கொண்டுபோவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கடலைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. மாரியில் வாடைக்காற்று மூண்டு கடல் கொந்தளிக்கும்போது கொம்பு முருகைகளின் கிளைகள் முறிந்து விழுகின்றன. அக்ரோபோரா எனப்படும் இந்தக் கொம்பு முருகை இனங்கள் பலவற்றுக்கு இப்படி முறிவதே பெருகும் வழிகளில் ஒன்று. முறிந்த கிளை பாறை இடுக்கில் சிக்கி நின்றால் அங்கேயே புதிய கூட்டமாக வளரத் தொடங்கும். மணலில் விழுந்து அலைக்கு அலை உருண்டுகொண்டிருந்தால் இழையம் தேய்ந்து, பாதி புதையுண்டு, செத்துவிடும். பெரிய கிளை தன் கனத்தால் நின்றுவிடுகிறது; சிறிய துண்டுக்கு இடுக்குத்தான் கதி. தொட்டியில் நாம் செய்வது அந்த இடுக்கைக் கையால் அமைத்துக் கொடுப்பது மட்டுமே.

பசைகளில் நான் முதலில் எடுப்பது சயனோஅக்ரிலேற். கடையில் சுப்பர் குளூ என்று கேட்டு வாங்கும் அதே பொருள்தான். ஆனால் தண்ணீர்போல் ஓடும் வகை வேண்டாம், ஜெல் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அமெரிக்காவில் ஹரி கூவர் என்பவரின் குழு துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடியபோது இது கிடைத்து, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்ற காரணத்துக்காகவே ஒதுக்கப்பட்டது. பசையாகச் சந்தைக்கு வந்தது 1958இல். ஈரம் பட்டால் இறுகுவது இதன் இயல்பு என்பதால் தொட்டிக்குள்ளேயே பயன்படுத்த முடிகிறது. பலர் தோற்றுப்போவதும் இதே இயல்பால்தான்.

ஒரு துண்டை ஒட்டுவதைக் கிட்ட நின்று பார்ப்போம். பம்புகளை நிறுத்தியாகிவிட்டது. துண்டின் அடிப்பக்கத்தைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, ஒரு கச்சான் விதை அளவு ஜெல்லை வைத்து, தண்ணீருக்குள் இறக்குகிறோம். இறங்கிய கணமே ஜெல்லின் மேற்பரப்பு வெண்மையான தோலாக இறுகிவிடுகிறது. உள்ளே அது இன்னும் இளகியே இருக்கும். அந்தத் தோலோடு துண்டைப் பாறையில் வைத்து எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும், கையை எடுத்ததும் விழுந்துவிடும். வைத்த இடத்திலேயே அழுத்தி, இடமும் வலமுமாக இரண்டு மூன்று தடவை மெதுவாகத் திருகவேண்டும். தோல் கிழிந்து, உள்ளிருக்கும் இளகிய ஜெல் பாறையின் சிறு குழிகளுக்குள் பிதுங்கி இறங்குவது விரலுக்குத் தெரியும். வழுக்கிக்கொண்டிருந்த துண்டு சட்டென்று கனத்து நிற்கும். அதற்குப் பிறகு ஒரு திருகலும் கூடாது. விரலைத் தளர்த்தாமல் சற்று நேரம் பிடித்திருந்து, பக்கவாட்டில் இழுக்காமல் நேராகக் கையை எடுக்கவேண்டும்.

ஜெல்லுக்கு ஒரு குறை உண்டு: இறுகியபின் அது நொறுங்கும் தன்மையுடையது, அகலமான இடைவெளியை நிரப்பாது. பாறையின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருந்தாலோ, துண்டு கனமாக இருந்தாலோ இரு பகுதி எபொக்சி புட்டியும் வேண்டும். இரண்டு நிறங்களும் கலந்து ஒரே நிறமாகும்வரை பிசையவேண்டும். இடையில் கோடு தெரிந்தால் அந்த இடம் ஒருபோதும் இறுகாது. புட்டி ஈரப்பாறையில் உண்மையில் ஒட்டுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது குழிகளுக்குள் புகுந்து இறுகி, பூட்டுப்போல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே நான் எப்போதும் பாறையின் பக்கம் ஜெல், நடுவில் புட்டி, துண்டின் பக்கம் மீண்டும் ஜெல் என்று மூன்று அடுக்காகவே வைப்பேன். ஜெல் உடனே பிடித்துக்கொள்ளும். புட்டி ஒரு நாளுக்குள் முழுதாக இறுகி வடிவத்தைத் தாங்கும். புட்டி போட்ட அன்று, நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் அளவுமீறி நுரைக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அதன் நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்துவிட்டால் போதும்.

பாறையைத் தயார்செய்வதில் அவசரப்படக்கூடாது. பழைய தொட்டிகளில் பாறை முழுவதும் ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி அழகாகப் படிந்திருக்கும். பசை அந்தப் பாசியில் நன்றாகவே ஒட்டும். ஆனால் பாசி பாறையில் அவ்வளவு உறுதியாக ஒட்டியிருப்பதில்லை. நாட்கள் கழிந்தபின் ஒரு நத்தை முட்டினால் பாசித் தகடு, பசை, துண்டு எல்லாம் சேர்ந்து உரிந்து வரும். ஒட்டப்போகும் இடத்தை மட்டும் பழைய பல்துலக்கியாலோ கம்பித் தூரிகையாலோ வெள்ளைப் பாறை தெரியும்வரை சுரண்டிக்கொள்ளுங்கள். புதிய துண்டை மருந்து நீரில் நனைத்து ஒட்டுண்ணிகளை உதிர்த்துவிடுவதும் இதற்கு முன்பே நடக்கவேண்டும். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவை மருந்து கொல்லும், அதன் முட்டைகளைக் கொல்லாது. ஆகவே துண்டு வந்த பழைய அடிக்கட்டையைக் கழற்றி எறிந்துவிடுவதே என் வழக்கம்.

எல்லா முருகைக்கும் ஒரே முறை பொருந்தாது. யூஃபில்லியா என்ற கல்முருகையில் கிளைவிடும் வகையின் தசை தலைப்பக்கத்தில்தான் இருக்கும்; கீழே வெற்று எலும்புத் தண்டு. பசை அந்தத் தண்டில் மட்டும் படவேண்டும். அதன் நீண்ட கொட்டும் உணர்கொம்புகள் இரவில் வெகுதூரம் நீளும் என்பதால் அடுத்த முருகைக்கு ஒரு சாண் இடைவெளியாவது விடுவது நல்லது. தோல்முருகையும் காளான் முருகையும் சளியைச் சுரந்து எந்தப் பசையையும் ஓரிரு நாளில் கழற்றிவிடும். தோல்முருகைத் துண்டின் அடியில் ஊசியால் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை) கோத்து ஒரு சிறு கல்லோடு கட்டுவேன். இறுக்கிக் கட்டினால் தங்கூசி மென்தசையை அறுத்துக்கொண்டு போய்விடும். துண்டு கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு முடிச்சுப் போட்டால் போதும். காளான் முருகைக்குக் கட்டும் வேண்டாம். சிறு கற்கள் பரப்பிய கிண்ணத்தில் விட்டு, மேலே வலைத்துணி கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்தால் தானாகவே ஒரு கல்லைப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கல்லைப் பசையிட்டு ஒட்டலாம்.

முருகைக்கு உறவான, பொத்தான்கள்போல் பாறையில் கூட்டமாக வளரும் ஸோவாந்திட் வகைகளைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். அவற்றில் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது சாறு கண்ணில் தெறிக்கும்; விரலில் இருக்கும் சிறு கீறல் வழியாகவும் உள்ளே போகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே வேண்டாம். அவை வளர்ந்த பாறையைச் சுத்தம்செய்வதாக நினைத்துக் கொதிநீரில் போட்டு, எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு வைத்தியசாலைக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒட்டி முடித்தபின் பம்பை இயக்கி, துண்டு உண்மையில் அசையவில்லையா என்று பார்க்கவேண்டும். தம்பி ஒருநாள் வீடியோ அழைப்பில், “அண்ணன், நல்லாப் பிடிச்சிருக்கு” என்றான். கிளையின் நுனியைப் பின்னாலுள்ள பாறையின் ஒரு புள்ளியோடு நேர்ப்படுத்தி வைத்துப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆடுது” என்றான். வெறும் பார்வைக்கு அகப்படாத ஆட்டம் அப்படிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் அதைக் கழற்றி, புட்டி வைத்து மீண்டும் ஒட்டினான்.

அதற்குப் பின் பொறுமைதான் வேலை. வெப்பநிலை 25 அல்லது 26 பாகை, உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35, கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம் என்ற அளவுகளும் காரத்தன்மையும் ஏறி இறங்காமல் இருந்தால், அக்ரோபோராவின் அடியில் முதலில் ஒரு வெளிறிய விளிம்பு தோன்றும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது கண்ணாடித்தாள் அளவு மெல்லிய இழையம். பசையின் வெள்ளையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. அந்த விளிம்பு பாறையைத் தொட்டுவிட்டால் நீரோட்டத்தைக் கூட்டலாம், வெளிச்சத்தையும் படிப்படியாக ஏற்றலாம். பல கிழமைகளாகியும் விளிம்பு எழவில்லையென்றால் ஆட்டமா, வெளிச்சமா, இரவில் யாராவது கடிக்கிறார்களா என்று தேடவேண்டும். பசையை மேலே மேலே பூசுவதால் ஒன்றும் ஆகாது.

பெரிய பாறையைச் சீக்கிரம் மூட விரும்புகிறவர்கள் பெரிய துண்டாகத் தேடவேண்டியதில்லை. புளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தில் இருந்தபோது டேவிட் வோகன் வளர்த்தெடுத்த நுண்துண்டு முறையில், பாரிய கல்முருகைகளை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி அருகருகே ஒட்டுகிறார்கள். வெட்டுப்பட்ட விளிம்பு வழக்கத்தைவிடப் பன்மடங்கு வேகமாகப் படர்ந்து, ஒன்றையொன்று சந்திக்கும்போது ஒரே கூட்டமாக இணைந்துவிடுகிறது. படர்ந்து வளரும் மொன்டிபோரா என்ற கல்முருகையில் இதை வீட்டுத் தொட்டியிலும் செய்யலாம்: விரல்நக அளவுத் துண்டுகளை ஒரு விரலகல இடைவெளியில் ஜெல்லால் ஒட்டினால் போதும். துண்டுகள் எல்லாம் ஒரே தாய்க்கூட்டத்திலிருந்து வந்தவையாக இருக்கவேண்டும். வேறு கூட்டத்தின் துண்டு கலந்துவிட்டால் அவை இணையாமல், சந்திக்கும் கோட்டில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். ஆகவே வெட்டும்போதே ஒவ்வொரு கூட்டத்தின் துண்டுகளையும் தனித்தனித் தட்டில் வைத்து, தட்டில் பெயரெழுதிவிடச் சொல்லித் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.