அட்மிஷன் வந்தாச்சு, கால்குலஸை விட்டுவிடலாமா?

டிசம்பர் நடுவில் எர்லி ரிசல்ட், அதாவது முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கான கல்லூரி முடிவு, வந்ததும், அமெரிக்காவில் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். இந்த வருஷம் எங்கள் குடும்பத்தின் முறை. அண்ணன் மகள் போன் செய்து, "சித்தப்பா, அதான் காலேஜ் கிடைச்சாச்சே, கால்குலஸ் பிசியை டிராப் பண்ணிடவா? அப்பாகிட்ட கேட்டா கத்துவார்" என்றாள். கால்குலஸ் பிசி (BC) என்பது பள்ளியிலேயே எடுக்கிற கல்லூரித் தர நுண்கணிதப் பாடம், மே மாதத்தில் அதற்கு ஒரு பொதுப் பரீட்சையும் உண்டு. கத்துவார்தான். நம் ஆட்களுக்குக் கணக்கை விடுவது பூர்வீக நிலத்தை விற்கிற மாதிரி.

ஆனால் கத்துவதற்கும் கெஞ்சுவதற்கும் முன்னால் அட்மிஷன் கடிதத்தை அடி வரைக்கும் படிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும். கடைசி வருஷம் என்னென்ன பாடம் எடுக்கிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தோம் இல்லையா, அதையும் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள், அதை ஒழுங்காக முடிப்பாய் என்று எதிர்பார்க்கிறார்கள். பாதி வருஷத்தில் பள்ளிக் கவுன்சிலர் மிட் இயர் ரிப்போர்ட் என்ற மதிப்பெண் அறிக்கையை அனுப்புவார், படிப்பு முடிந்ததும் ஃபைனல் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது முழு மதிப்பெண் பட்டியல், போகும், ஆகவே சத்தமில்லாமல் விட்டுவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் இடம் கிடைத்தவர்கள் பாடத்தைக் கைவிட்டாலோ, டி, எஃப் கிரேடு வாங்கினாலோ அந்த வளாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கேட்டுவிட்டு விடுவது ஒரு விஷயம், விட்டுவிட்டு மாட்டிக்கொள்வது வேறு விஷயம். ஏ வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை பி மைனஸுக்கு இறங்கியதற்காக இடத்தைப் பறிப்பது அபூர்வம், சொல்லாமல் ஒரு பாடமே காணாமல் போனால் அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

சரி, கல்லூரி சம்மதிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இவள் போவது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ், கூடவே அதை நம்பி நடக்கிற பிசிக்ஸ். பிப்ரவரியில் கணக்கை மூடிவைத்துவிட்டு செப்டம்பரில் திறந்தால் என்ன ஆகும்? வரலாறோ இலக்கியமோ படிக்கப் போகிறாள் என்றால் நானே, கேட்டுவிட்டு விடும்மா, நிம்மதியாகத் தூங்கு என்றிருப்பேன், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

எங்கே சிக்கல் என்று கேட்டேன். சீரிஸ். வீடியோ காலில் நோட்டைக் காட்டினாள், ஒரு பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகிற தொடரில் ஒவ்வொரு எண்ணும் சின்னதாகிக்கொண்டே போகிறதே, அப்புறம் எப்படிக் கூட்டுத்தொகை எல்லையில்லாமல் வளரும் என்பதுதான் அவள் கோபம். நியாயமான கோபம். 1/3, 1/4 இரண்டையும் கூட்டு, அரைக்கு மேல் வரும். அடுத்த நான்கு, அதுவும் அரைக்கு மேல். அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே இருந்தால் எங்கே போய் நிற்கும்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை ஏன் எங்க சார் சொல்லல" என்றாள். சொல்லியிருப்பார், இவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

முழுசாக விடுவதற்கும் அப்படியே தொடர்வதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பள்ளி ஒத்துக்கொண்டால் பிசியிலிருந்து கொஞ்சம் எளிதான கால்குலஸ் ஏபிக்கு (AB) இறங்கிக்கொள்ளலாம், அதில் சீரிஸே கிடையாது. இதையும் கல்லூரிக்குச் சொல்ல வேண்டும், ஆனால் கணக்கோடு தொடர்பு அறுந்துபோகாது. மே மாதப் பரீட்சைதான் பயம் என்றால் அது வேறு கணக்கு: பல பள்ளிகளில் வகுப்பில் இருந்துகொண்டே பரீட்சையை மட்டும் ரத்து செய்யலாம், அதற்கு 40 டாலர் கட்டணம். எழுதினாலும் மதிப்பெண் ஜூலையில்தான் வரும். பிசி எழுதுகிறவர்களுக்கு ஏபி பகுதிக்குத் தனி மதிப்பெண்ணும் தருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை, டூயல் என்ரோல்மென்ட்டில், அதாவது பள்ளியில் இருந்துகொண்டே கம்யூனிட்டி காலேஜ் வழியாகக் கணக்கு எடுப்பவர்களுக்கு. அங்கே வாங்குகிற கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டிலேயே ஏறிவிடும். தடமில்லாமல் பாடத்தை விடுவதற்கான கடைசி தேதிக்குப் பிறகு விட்டால், பாதியில் விலகியதைக் காட்டும் டபிள்யூவும் (W) ஏறும். அந்தத் தேதியைப் பள்ளி நாட்காட்டியில் தேடாதீர்கள், கல்லூரியின் நாட்காட்டியில் பாருங்கள்.

அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் அவளே எழுதட்டும் என்றேன். அண்ணன் எழுதினால் கட்டுரையாகிவிடும். எந்தப் பாடம், ஏன் மாற்ற நினைக்கிறேன், பதிலாக என்ன எடுப்பேன், என் இடத்துக்கு ஏதாவது பாதிப்பு உண்டா, இவ்வளவுதான். கவுன்சிலரிடம் முதலில் பேசிவிட்டு அனுப்பினாள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு வகுப்பையும் தவறவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை சீரிஸ் டெஸ்ட் வேறு இருக்கிறதாம்.