நீல நிழல்

கனடாவின் ஸ்கார்பரோவில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இந்த வாரம் பனிக்காலக் காட்சி வரைந்தோம். முதலில் தாளில் நெடுக்காக மாஸ்கிங் டேப் ஒட்டினோம். அவைதான் வெள்ளைப் பட்டை கொண்ட பிர்ச் மரங்கள். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வண்ணம் உள்ளே கசிந்துவிடும். அப்புறம் வானத்துக்கு நீல நீர்வண்ணம். அது ஈரத்தில் மினுங்கும்போதே ஒரு சிட்டிகை உப்பு. உப்பு நீரை உறிஞ்ச, பனித்துகள் விழுவதுபோல் வெளிர்ப் பொட்டுகள் விரியும். தாள் காய்ந்துவிட்டால் இது நடக்காது.

நிழலுக்குக் கறுப்பைத் தொட்ட ஒரு சிறுமியை ஜன்னலருகே அழைத்துப்போனேன். வெளியே நல்ல வெயில். இலையுதிர்ந்த மேப்பிளின் நிழல் பனிமேல் கிடந்தது. "மிஸ், நீலம்!" என்றாள். வெயில் படாத பனிக்கு வானத்தின் ஒளிதான் கிடைக்கிறது என்றேன். 1920-இல் உருவான 'குரூப் ஆஃப் செவன்' என்ற கனடிய ஓவியர் குழுவைச் சேர்ந்த லாரன் ஹாரிஸின் பனிப் படங்களையும் காட்டினேன்.

இந்த நீலம் என் கண்ணில் படவே சில குளிர்காலங்கள் ஆயின. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவளுக்குப் பனி என்றால் விடிகாலைப் புல்லின் ஈரம்தான்.

காய்ந்ததும் டேப்பை மெல்ல உரித்தோம். வெள்ளை மரங்கள் வெளிவந்தபோது வகுப்பே கூவியது.