வேட்டை முடிந்த பிறகு: மிசௌரிக் குறிப்புகள்

2025 மே 12, திங்கள்

நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்கு வந்து கார் கதவைச் சாத்தினேன். அந்தச் சத்தத்துக்கு ஓடைக்கு அப்பாலிருந்து காட்டு வான்கோழிச் சேவல் ஒன்று கொளகொளவென்று கத்தியது. இன்னொரு தரம் திறந்து சாத்தினேன். அதற்கும் கத்தியது. இடி, ஆந்தை, காக்கை எதற்கும் இப்படித்தானாம்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ரோலா என்ற ஊர்ப் பக்கம் இது. வசந்தகால வான்கோழி வேட்டை 21 நாள் நடந்து நேற்றோடு முடிந்தது. துப்பாக்கிச் சத்தம் நின்றதும் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் சிரித்தார். பெட்டைகள் அவயத்துக்கு உட்கார்ந்துவிட்டன, துணையில்லாமல் கத்துகிறது என்றார்.

மே 15

கத்துவது இன்று கண்ணில் பட்டது. வால் விசிறியாக விரிந்திருக்க, இறக்கை நுனி தரையை உரச, நாலடி நடப்பதும் நிற்பதுமாக இருந்தது. தலை சிவப்பு, நீலம், வெள்ளை என்று மாறுகிறது. அலகின் மேல் இருக்கும் சதை நீண்டு பக்கவாட்டில் தொங்குகிறது. இரை எடுத்தே பார்க்கவில்லை. நெஞ்சில் சேர்த்து வைத்த கொழுப்பில் இந்த நாட்களை ஓட்டுமாம்.

மயிலைப் பார்த்து வான்கோழி ஆடிற்று என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்கக் காட்டில் பிறந்தது மயிலை எங்கே பார்த்தது? இது அதன் சொந்த ஆட்டம்.

மே 18

வேலியோரம் ப்ளாக்பெர்ரிப் புதருக்குள் கூடு. கூடு என்றால் சருகில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். பெட்டை இரைக்குப் போயிருந்த நேரம். பழுப்புப் புள்ளியிட்ட வெளிறிய முட்டைகள், பதினொன்று எண்ணினேன். ஏறக்குறைய நாளுக்கொன்றாக இட்டு, ஈடு முடிந்த பிறகுதான் அடைகாக்கத் தொடங்கும். அப்போதுதான் எல்லாம் ஒரே சமயத்தில் பொரியும். அதற்கு 28 நாள். ஒருமுறை சேர்ந்தால் சில வாரங்களுக்குக் கரு கூடும் என்பதால் சேவலின் வேலை எப்போதோ தீர்ந்துவிட்டது. அது தெரியாமல்தான் ஓடையோரம் தொண்டை கிழிகிறது.

வீட்டுக்கு வந்து காலிலிருந்து ஆறு உண்ணி பிடுங்கினேன்.

மே 22

பெரியவர் போகாதே என்றிருந்தார். போனேன். பெட்டை கூட்டில் இருந்தது. பத்தடி தூரத்தில் நின்றும் சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை, கண் ஒன்று இமைத்ததும்தான் தெரிந்தது. பின்பக்கமாகவே அடி வைத்து நகர்ந்து வந்தேன்.

மே 24

கூடு காலி. ஓடுகள் நசுங்கிச் சிதறிக் கிடக்கின்றன. பெட்டையின் இறகு ஒன்றுகூட இல்லை, தப்பியிருக்க வேண்டும். ரக்கூன் என்ற காட்டு விலங்கின் வேலை என்றார் பெரியவர். நான் மிதித்த புல் தடம் வேலியிலிருந்து புதர்வரை நேராகத் தெரிந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மே 29

காலையில் ஓடையோரம் சேவலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை. அதே பெட்டைதானா என்று சொல்ல முடியாது. கூட்டை இழந்த பெட்டை மறுபடி முட்டையிடுவதுண்டு, இரண்டாம் ஈட்டில் எண்ணிக்கை குறையும்.

இன்று வைக்கோலுக்குப் புல் அறுத்தார்கள். பெரியவர் வேலியோரத்தில் மட்டும் டிராக்டர் அகலத்துக்கு அறுக்காமல் விட்டிருக்கிறார்.

ஜூன் 14

அறுத்த வயலில் வேறொரு பெட்டை, பின்னால் ஏழு குஞ்சுகள். வெட்டுக்கிளியைத் துரத்தி ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. முதல் வாரங்களில் பூச்சிதான் அவற்றுக்குச் சாப்பாடு. இன்னும் மரமேற முடியாது, இரவு தரையிலேயே தாயின் இறக்கைக்கடியில்.

வயலின் அடுத்த மூலையில் மூன்று சேவல்கள் ஒன்றாக மேய்ந்தன. இறக்கை நுனியெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. கார் கதவைப் படாரென்று சாத்தினேன். ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.