மழையில்லா மாதத்தில் வெள்ளம்: மாவுன், மொரேமி நாட்குறிப்பு

ஜூலை 8, மாவுன், போட்ஸ்வானா

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஏப்ரலுக்குப் பின் இங்கே மழை அரிது. ஆனாலும் ஊர் நடுவே ஓடும் தமலகானே ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கோலா மேட்டு நிலத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்த மழை இது. அது கடந்துவரும் ஒகவாங்கோ டெல்டா, ஆறு பல கிளையாகப் பரவும் சதுப்பு நிலம், கிட்டத்தட்டச் சமதரை. 1 மீட்டர் இறங்கவே மூன்று நான்கு கி.மீ. போகவேண்டும். பாப்பிரஸ் கோரையும் நாணலும் வேறு மறிக்கின்றன. 250 கி.மீ. கடக்கத் தண்ணீருக்கு ஏறக்குறைய 4 மாதம் ஆகிறது. கடலுக்கு ஒரு சொட்டும் போவதில்லை.

இதைப் புரிந்துகொள்ளாமல் டெல்டாவில் உள்ள மொரேமி வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகக் கூடாது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, விலங்கு எங்கே கூடும், வண்டி எங்கே மாட்டும், எல்லாம் இந்தத் தண்ணீரின் கையில். போன வருடத்து வரைபடத்தை நம்பாதீர்கள். நேற்று உள்ளேயிருந்து திரும்பிய ஓட்டுநரைப் பிடித்து, "தண்ணீரைக் கடக்கும் இடங்களில் எங்கே எவ்வளவு ஆழம்?" என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் "துமேலா ரா", பெண்ணென்றால் "துமேலா மா". வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பது இங்கே மரியாதைக் குறைவு.

1915-இல் பத்தவானா என்னும் இனக்குழு மக்களின் தலைநகரான ஊர் மாவுன். சாலையில் இன்றும் கழுதையும் ஆடும்தான் முதலில் போகின்றன. மொரேமிக்குள் பெட்ரோல், டீசல் கிடையாது. தார் ரோட்டில் 100 கி.மீ.க்கு 11 லிட்டர் குடிக்கும் வண்டி மணலில் 18, 20 கேட்கும். அதைக் கணக்கிட்டு டேங்க்கையும் ஒரு கேனையும் நிரப்பியாயிற்று. ஆரஞ்சு வாங்கவில்லை. யானை அந்த வாசனைக்கு வண்டியையே கிழிக்கும்.

ஜூலை 9, மொரேமி தெற்கு வாயில்

மாவுனிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. ஷொரொபே தாண்டியதும் தார் முடிகிறது. அங்கேயே டயர் காற்றை 35-இலிருந்து 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினோம். ஆழ மணல் வந்ததும் 20. காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படுத்து, பாரத்தைப் பரப்பித் தாங்கும். மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்யாதவர்கள்தான். சக்கரம் சுழன்றால் ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டாம். அழுத்தினால் அச்சு வரை புதையும். நிறுத்தி, டயரைச் சுற்றியுள்ள மணலை வாரி, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுக்கவேண்டும். காலைக் குளிரில் மணல் இறுகியிருக்கும். நடுப்பகலில் அதே பாதை இளகிவிடும்.

ஜூலை 10, மூன்றாம் பாலம்

வாயிலிலிருந்து 50 கி.மீ. போல. பாலம் என்பது வரிசையாகக் கட்டிய மரக்கழிகள். மேலே ஏறுவது எளிது. ஏறும் இடமும் இறங்கும் இடமும் தண்ணீருக்குள் இருப்பதுதான் சிக்கல். முதலையும் நீர்யானையும் உள்ள தண்ணீரில் இறங்கி ஆழம் பார்க்க முடியாது. எதிர்க்கரையில் ஈரத்தடம் புதிதாக இருக்கிறதா என்று பார்த்து, லோ கியரில், நிற்காமல், ஒரே வேகத்தில் கடக்கவேண்டும்.

தண்ணீரைவிட எனக்குக் கவலை புல். பாதை நடுவே வளர்ந்த காய்ந்த புல்லின் விதைகள் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைச் சூடாக்கும். அதனால் முன்பக்கம் கொசுவலை போல வலை கட்டியிருக்கிறோம். வண்டிக்கு அடியில் சைலன்சர் பக்கம் சேரும் வைக்கோலில் தீப்பிடித்து முழு வண்டியும் எரிந்துபோவது உண்டு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் படுத்துப் பார்த்து, கம்பிக் கொக்கியால் இழுத்தெடுக்கிறோம்.

முகாமுக்கு வேலி இல்லை. இரவில் செருப்பைக்கூட வெளியே விடக்கூடாது, கழுதைப்புலி தூக்கிப்போகும்.

ஜூலை 11, ஸகனகா

இங்குள்ள தீவுகளில் பலவற்றின் தொடக்கம் ஒரு கறையான் புற்று. வெள்ளத்துக்கு மேல் நிற்கும் புற்றில் பறவை எச்சம் வழியே விதை விழுகிறது, மரம் வளர்கிறது. மரங்கள் தண்ணீரை உறிஞ்சி, உப்பை நடுத்தீவில் விட்டுவிடுகின்றன. அதனால்தான் ஓரம் பச்சையாகவும் நடு வெளுத்து மொட்டையாகவும் கிடக்கிறது. டெல்டாவின் தண்ணீர் உவராகாமல் காப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு.

செந்நிற லெச்வே மான்கள் முழங்கால் நீரில் பாய்கின்றன. குளம்பு நீண்டு விரிவதால் சேற்றில் புதைவதில்லை.

1963-இல் புலானே மொரேமி ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, பத்தவானா மக்கள் தங்கள் சொந்த நிலத்தையே காப்பகமாக ஒதுக்கினார்கள். வெள்ளை அரசு எழுதிக்கொடுத்த காடு அல்ல. இங்கே வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூலை 12, திரும்பும் வழி

காட்டு விலங்கையும் மாட்டையும் பிரிக்கும் கால்நடை வேலியில் சோதனை. காட்டெருமைகள் கோமாரிக் கிருமியைத் தம் உடம்பில் சுமந்தும் நோயின்றித் திரியும். அது மாட்டுக்கு வந்தால் மாட்டிறைச்சி ஏற்றுமதி நின்றுவிடும். அதனால் காட்டுப்பக்கமிருந்து பச்சை இறைச்சி வெளியே போகமுடியாது. மீந்ததை முந்தின இரவே சமைத்துவிடுங்கள். செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்துத்தான் போகவேண்டும்.

மாட்டைக் காக்கிற வேலிகள் காட்டு விலங்குகளை நிறையவே கொன்றிருக்கின்றன. ஒகவாங்கோவுக்கும் மக்கடிக்கடி உப்புவெளிக்கும் இடையே 1968 முதல் நின்ற ஒரு வேலியை 2004-இல் எடுத்தார்கள். அந்த வழியை ஒருமுறைகூட நடந்திராத வரிக்குதிரைகள், சில ஆண்டுகளிலேயே போகவர 500 கி.மீ.க்கும் மேலான வேலிக்கு முந்தைய அதே பழைய வலசை வழியில் நடக்கத் தொடங்கின.

ஷொரொபேயில் தார் தொடங்குமிடத்தில் டயருக்குத் திரும்பக் காற்று. சின்னப் பம்பு, ஒரு டயருக்கு ஐந்து நிமிடம். காற்றுக் குறைந்த டயரோடு தாரில் வேகமாகப் போனால் பக்கவாட்டு ரப்பர் சூடேறி வெடிக்கும்.