தேமாவில் பாங்கு கிண்டிய கை

கானாவின் துறைமுக நகரமான தேமாவுக்கு வீட்டுக்காரரின் வேலைக்காக வந்தபோது, கொண்டுவந்த மூட்டையில் பாதி அரிசியும் பருப்பும்தான். அது தீரும்வரை அக்கம்பக்கத்து அடுப்பை நான் எட்டிப் பார்க்கவே இல்லை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எனக்கு வழிகாட்டியது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. வயதில் மூத்த பெண்களை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் வீட்டு முற்றத்தில் கரி அடுப்பு, அதன்மேல் பாங்கு கொதித்துக்கொண்டிருந்தது. பாங்கு என்பது புளித்த மக்காச்சோள மாவும் மரவள்ளி மாவும் சேர்த்துக் கிண்டும் உருண்டை. சோளத்தை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அரைத்து, பிசைந்து மூடி, மறுபடி இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். சந்தையில் புளித்த மாவாகவே கிடைக்கிறது. அந்த வாசனை முதல் மாதம் எனக்குக் குமட்டியது. மூடி திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது, பொங்கி நிற்கும் இட்லி மாவின் வாசனைக்கு அது ரொம்பத் தூரமில்லை.

மூன்று கப் புளித்த மக்காச்சோள மாவுக்கு ஒரு கப் மரவள்ளி மாவு, உப்பு, தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து அடுப்பேற்றியதும் கிண்ட ஆரம்பிக்க வேண்டும், கை ஓயக்கூடாது. இறுகி வரும்போது கரண்டி உதவாது, தட்டையான மரத்துடுப்புதான். மாவைப் பானையின் பக்கவாட்டில் அழுத்தி அழுத்தித் தேய்க்கணும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, ஆவியில் வேகவிட்டு மறுபடி கிண்டல். பானை சுழலாதிருக்க ஒரு இரும்புச் சட்டத்தில் மாட்டி, அதைக் காலால் மிதித்துக்கொள்கிறார்கள். என் கண் அங்கேயே நின்றுவிட்டது. தருமபுரியில் எங்கள் ஆயா கவட்டைக் கம்பால் பானையை அணைத்துப் பிடித்துக் கேழ்வரகுக் களி கிண்டுவதும் இதேதான்.

முதல் தடவை நான் கிண்டியது உள்ளே வெள்ளை வெள்ளையாக வேகாமல் போனது. தீயைக் குறைக்கத் தெரியவில்லை. இரண்டாவது தடவை ஆன்ட்டி பக்கத்தில் நின்றார். “தோளில் இருந்து கிண்டு, மணிக்கட்டில் இருந்து இல்லை” என்றார். ஆயாவும் அதைத்தான் சொல்வார்.

தொட்டுக்கொள்ள வெண்டைக்காய்க் குழம்பு, இல்லையென்றால் சுட்ட திலாப்பியா மீனும் பச்சை மிளகாய்த் துவையலும். துவையல் அரைக்கும் மண்சட்டிக்கு அசாங்கா என்று பெயர். எங்கள் ஊர்க் கீரை கடையும் சட்டிபோல உள்ளே வரிவரியாகக் கீறியிருக்கும். வலது கையால் கிள்ளி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பை அள்ளி, மெல்லாமல் விழுங்க வேண்டும். இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் ஊரிலிருந்து கேழ்வரகு மாவு வந்தது. பாங்குத் துடுப்பாலேயே களி கிண்டி ஆன்ட்டிக்கு ஒரு உருண்டை கொண்டுபோனேன். தன் வெண்டைக்காய்க் குழம்பில் தோய்த்து விழுங்கினார். “புளிப்பு மட்டும்தான் இல்லை” என்றார். பிறகு பாத்திரத்தை எட்டிப் பார்த்து, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.