தழும்பைப் படம் எடுத்து அனுப்பவா?

"தங்கள் விரலில் உள்ள தழும்பு முதல்நிலைச் சான்று மட்டுமே. கட்டுரையில் இத்தகவலைச் சேர்க்க நம்பகமான இரண்டாம்நிலைச் சான்று தேவை. நன்றி."

இதை எழுதியவன் நான். சம்பந்தப்பட்டவரே காட்டுவது முதல்நிலை, அதைப் பற்றிப் பிறர் எழுதி வெளியிட்டது இரண்டாம்நிலை. தமிழ் விக்கிப்பீடியாவில், குழந்தைகளுக்கான ஒரு மாயாஜாலத் தொடரைப் பற்றிய கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. அழித்தாலும் வரலாற்றுப் பக்கத்தில் நாள், மணி, நிமிடத்தோடு கிடக்கும். கேலியாக எழுதினேன் என்று சில நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேலி இல்லை. அந்த நேரத்தில் அதுதான் சரியான பதில் என்று நம்பினேன். கடைசியில் உள்ள அந்த 'நன்றி'தான் அதிகம் உறுத்துகிறது.

எந்தத் தொடர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தத் தழும்புக்காரர் யார், நான் யார் என்று ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். 1997இல் தூர்தர்ஷனில் சக்திமான் தொடங்கியதற்கும், 2007இல் சன் தொலைக்காட்சியில் மை டியர் பூதம் முடிந்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தது, இவ்விரண்டும் அல்ல. அன்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்த பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயது இருக்கும். அவர்கள்தான் இப்போது கட்டுரைக்கு வந்து திருத்துகிறார்கள்.

அவர்களைப் பற்றிச் சொல்லாமல் என் பதிலை மட்டும் காட்டினால் எனக்கு நியாயம் செய்ததாகாது. மனிதனுக்குத் தன் பத்து வயது நினைவின்மேல் இருக்கும் உறுதி வேறெதன்மேலும் இல்லை. கடைசிப் பகுதியில் பூதம் மனிதனாக மாறியது என்று ஒருவர் எழுதுவார். இல்லை, விளக்குக்குள்ளேயே திரும்பிப் போனது, நான் அழுதேன் என்று இன்னொருவர் மாற்றுவார். அதெல்லாம் கனவாக முடிந்தது என்பார் மூன்றாமவர். மூவரும் சத்தியம் செய்வார்கள். இரண்டு தொடர்களைக் குழப்பி, இதன் வில்லனை அதில் கொண்டுபோய் வைப்பவர்கள் தனி. யாரோ ஒரு பையன் நடிகர் பட்டியலில், மந்திரவாதியின் உதவியாளன் என்ற இடத்தில், தன் வகுப்புத் தோழன் பெயரை எழுதிவிட்டுப் போனான். எட்டு மாதம் யார் கண்ணிலும் படாமல் அது அங்கேயே இருந்தது. அந்தத் தோழன் எங்கள் புண்ணியத்தில் எட்டு மாதம் நடிகனாக இருந்தான்.

எனக்கு அந்தக் கட்டுரை கவனிப்புப் பட்டியலில் உள்ள பலவற்றில் ஒன்று. பகலில் மண்ணடியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். உணவு இடைவேளையில், சோற்றுப் பாத்திரத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, அண்மைய மாற்றங்களைப் பார்ப்பேன். சம்பளமில்லாத வேலை. முதலாளி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "பகலெல்லாம் திருத்தியது போதாதா?" என்று கேட்டார். போதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2003இல் நாலைந்து பேர் கையில் முளைத்த தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. அத்தனையையும் கண்விழித்துக் காப்பவர்கள் எத்தனை பேர் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆலமரத்தடியில், அதாவது எங்கள் பொது உரையாடல் திண்ணையில், பார்க்கும் முகங்களே திரும்பத் திரும்ப வரும்.

தழும்புக்காரர் வந்த அன்று கட்டுரையில், தொடரின் மாயக் காட்சிகள் 'கணினி வரைகளை' மூலம் உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி இருந்தது. ளகரப் பிழையோடு. 2015இல் வேறொரு பயனர் சேர்த்தது. பிறகு யாரோ ஒரு செய்தித் தளத்தின் கட்டுரையை அதற்குச் சான்றாக இணைத்திருந்தார்கள். புதிய பயனர் அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினார்:

"பறக்கும் குடமும் செருப்பும் கணினியால் பறக்கவில்லை. காசிமேட்டில் வாங்கிய தங்கூசில் கட்டித் தொங்கவிட்டோம். விளக்கு வெளிச்சத்தில் தங்கூஸ் மின்னும். அதற்காக அதன்மேல் விளக்குக் கரி தடவினோம்."

தங்கூஸ் என்றால் மீன்பிடிக்கும் நைலான் நரம்பு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னிலையாக்கினேன், அதாவது அவர் எழுதியதை நீக்கிப் பழைய வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரே சொடுக்கு. அவர் திரும்ப எழுதினார். மீளமைத்தேன், திருத்தத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் 'சான்றில்லை' என்று போட்டேன். மூன்றாம் முறை எழுதினார். மூன்றாம் முறையும் நீக்கிவிட்டு, அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஆயத்தமாக இருக்கும் வார்ப்புரு ஒன்றை ஒட்டினேன். மெய்யறிதன்மை, சொந்த ஆய்வு கூடாது, நடுநிலை நோக்கு என்று நீலநிற இணைப்புகள் வரிசையாக உள்ள பெட்டி அது. புதிதாக வந்தவருக்கு நீதிமன்ற அழைப்பாணைபோலத் தெரியும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். எனக்கும் ஒரு காலத்தில் யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

அதன்பின் அவர் உரையாடல் பக்கத்தைக் கண்டுபிடித்து எழுதினார். "அய்யா, அந்தத் தங்கூசைக் கட்டியவன் நான். எதைச் சான்றாகக் காட்டுவது? இழுத்துக் கட்டும்போது அறுத்த தழும்பு ஆள்காட்டி விரலில் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பவா?"

அதற்குத்தான் அந்தப் பதில்.

விதிப்படி நான் செய்தது சரி. இதை இன்றும் சொல்வேன். விக்கிப்பீடியாவில் வாசகனால் சரிபார்க்க முடியாதது நிற்கக் கூடாது. எழுதுபவர் நேர்மையானவரா என்பதே கேள்வி அல்ல. 2012இல் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத்துக்கே இது நடந்திருக்கிறது. தன் நாவலின் கதாபாத்திரத்துக்குத் தூண்டுதல் யார் என்பது கட்டுரையில் தவறாக இருக்கிறது என்று திருத்தப் பார்த்தார். நூலைப் பற்றி ஆசிரியரைவிடத் தெரிந்தவர் இல்லைதான், ஆனாலும் இரண்டாம்நிலைச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. எழுதியவருக்கே அந்த நிலை என்றால் தங்கூஸ் கட்டியவருக்கு நான் என்ன தனிச்சலுகை தர முடியும்?

இந்த வாதத்தைத் தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடிக்கு மெட்ரோவில் போகும்போது பலமுறை எனக்குள் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இடறுகிறது. ராத் என்ன செய்தார்? நியூயார்க்கர் இதழின் தளத்தில் ஒரு திறந்த மடல் வெளியிட்டார். அதற்குப் பிறகு அந்த மடலையே சான்றாகக் காட்ட முடிந்தது. காசிமேட்டுக்காரர் எந்த இதழுக்கு எழுதுவார்? எழுதினாலும் யார் போடுவார்கள்? தொடரின் தயாரிப்பாளர் பேட்டி கொடுத்தால் அச்சேறும். நடித்த பிள்ளை இப்போது எப்படி இருக்கிறார் என்று ஆண்டுக்கொருமுறை எல்லாத் தளங்களும் போடும். உத்திரத்தில் ஏறி உட்கார்ந்து குடத்தை ஆட்டியவனை யாரும் பேட்டி எடுப்பதில்லை. ஆகவே அவன் இல்லை. விதி யாரையும் ஒதுக்கவில்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களை ஒதுக்கியபடியே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இப்படி நினைத்துக்கொண்டே இறங்குவேன். படியேறி மேலே வருவதற்குள் அந்த வகுப்புத் தோழன் நடிகனாக இருந்த எட்டு மாதம் நினைவுக்கு வந்து, விதி வேண்டும்தான் என்று தோன்றிவிடும்.

அந்தக் கரி விஷயம்தான் விடமாட்டேன் என்கிறது. பொய் சொல்பவனுக்கு, நரம்பு விளக்கில் மின்னும், கரி தடவ வேண்டும் என்பது தோன்றுமா? தோன்றலாம். நல்ல பொய்க்கு இலக்கணமே அப்படி ஒரு சிறு விவரம்தான்.

அச்சகத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். "மூலத்தில் இருப்பது தப்பு என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் நீயாகக் கைவைக்காதே. ஓரத்தில் கேள்விக்குறி போடு. எழுதியவர் பார்த்துக்கொள்வார்" என்பார். பதினாறு வருடமாக அதைக் கடைப்பிடிக்கிறேன். ஒரு வழக்கறிஞரின் தன்வரலாற்றில், அவர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் பள்ளியில் சேர்ந்திருந்தார். அப்போதும் வெட்டவில்லை, பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறிதான் போட்டேன்.

விக்கிப்பீடியாவிலும் ஓரக் கேள்விக்குறி உண்டு. வரியின் பக்கத்தில் 'சான்று தேவை' என்று சிறிதாக ஒரு குறி போட்டுவிட்டு, வரியை அப்படியே விட்டுவைக்கலாம். மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் அப்படி நிற்கும் வரிகளை நானே விட்டுவைத்திருக்கிறேன். அவருடைய வரிக்கு மட்டும் ஏன் அதைப் போடவில்லை? பணம் கொடுத்து அச்சடிக்க வந்தவருக்குப் பென்சில், இவருக்குக் கத்திரிக்கோலா? 'தொங்கவிட்டோம்' என்று தன்மையில் எழுதியிருந்தார், கலைக்களஞ்சிய நடையில்லை, அதனால்தான் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். 'தொங்கவிடப்பட்டன' என்று மாற்ற எனக்கு எத்தனை நொடி ஆகும்?

இனிச் சொல்வது எனக்குப் பிடிக்காத பகுதி.

அந்தச் செய்தித் தளத்துக் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். 2018இல் வந்தது. அதிலும் 'கணினி வரைகளை'. அதே ளகரம், அதே வாக்கியம், கடைசிச் சொல்வரை. எங்கள் கட்டுரையில் யாரோ கேள்வியறிவில் எழுதிய வரியை அவர்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை நாங்கள் திரும்ப எடுத்துச் சான்றாகக் கட்டியிருக்கிறோம். எழுத்துப் பிழை பார்த்தே பிழைப்பு நடத்துபவன் நான். ஒரே பிழை இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

எப்போது திறந்து பார்த்தேன்? அவருக்குப் பதில் எழுதிய பிறகு என்றுதான் என் நினைவு. அன்று மாலையோ மறுநாளோ. ஆனால் மூன்றாம் முறை நீக்கும்போது பழைய வரியின் சான்று சரிதானா என்று சொடுக்கிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. அப்போதே பார்த்தேனோ? பார்த்தும், முதலில் இந்த ஆளை அனுப்பிவிடலாம், அதைப் பிறகு கவனிக்கலாம் என்று விட்டேனோ? நான் எதை எத்தனை மணிக்கு நீக்கினேன் என்பது வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது. நீக்கும்போது எனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்கு என் நினைவு மட்டும்தான் சாட்சி. பிறர் நினைவை நான் எப்படி நடத்துகிறேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

எதுவானாலும், இரண்டு நாள் கழித்து அந்த வரைகலை வரியையும் நீக்கினேன். சுழல்சான்று என்று காரணம் எழுதினேன். அதற்கு விதியில் இடமுண்டு. இப்போது கட்டுரையில் குடம் எப்படிப் பறந்தது என்று ஒரு சொல்லும் இல்லை.

அதற்குள் அவர் பதில் எழுதியிருந்தார். "சரிங்க அய்யா. நீங்களே பார்த்து எழுதுங்கள்." அதற்குப் பிறகு அந்தக் கணக்கிலிருந்து ஒரு தொகுப்பும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போன சாக்கில் காசிமேட்டில் ஒரு வலைக் கடைக்குள் நுழைந்தேன். தங்கூஸ் கேட்டேன். "தூண்டிலுக்கா, வலைக்கா?" என்றார் கடைக்காரர். பொருளைத் தொங்கவிட என்றேன். அவர் வியப்படையவில்லை. "அதற்கும் வாங்குவார்கள். படப்பிடிப்புக்குக்கூட வாங்கிப் போவார்கள்" என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எந்த வருடம்?" என்று கேட்டுவிட்டேன். வருமானவரிக்காரனோ என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேசாமல் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது மின்னத்தான் செய்தது. கரி தடவிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் கரி படியும் விளக்கு இல்லை. இருந்து, தடவி, மறைந்திருந்தால் மட்டும் என்ன? தங்கூசுக்குக் கரி தடவலாம் என்று தெரிந்திருக்கும். அவர் தடவினார் என்று ஆகாது.

போன வாரம் அந்தக் கட்டுரை மறுபடி கவனிப்புப் பட்டியலில் மேலே வந்தது. கணினி வரைகலை வரியை யாரோ திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். சான்று, வேறொரு தளம், புதிய தேதி. திறந்து பார்த்தேன். அதே வாக்கியம்தான். இந்த முறை ளகரத்தை யாரோ ஒழுங்காக லகரமாகத் திருத்தியிருக்கிறார்கள். எங்களிடமிருந்து போனதுதான் என்று காட்ட இப்போது அந்தப் பிழைகூட இல்லை.

நீக்கத்தான் வேண்டும். தொகுப்புச் சுருக்கத்தில் என்ன காரணம் எழுதுவது என்று யோசித்தேன். 'இது தவறு, எனக்குத் தெரியும்' என்று தட்டச்சு செய்தேன். சேமிக்கவில்லை. இடைவேளை முடிந்து அச்சகத்தில் மணி அடித்துவிட்டது. மேசைமேல் ஒரு திருமண மலரின் மெய்ப்பு காத்திருந்தது.