ஒரு கூட்டக் குறிப்புக்காக அம்பாங்குக்கு இரண்டு நடை

எங்கள் கணக்கியல் டிப்ளோமாவுக்கான உள்தணிக்கை போன வெள்ளிக்கிழமை ஒருவழியாக முடிந்தது. முதல் மாணவர் குழு கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டதால் எம்.கியூ.ஏ-வுக்கு, அதாவது படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி முகமைக்கு, முழு அங்கீகார மனு போக வேண்டும். அதற்கு முன் கல்லூரிக்குள்ளேயே வேறு துறைக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும் புரட்டிப் பார்ப்பார்கள். நான் ஒருங்கிணைப்பாளர் ஆகி ஆறு மாதம்தான். பழைய ஒருங்கிணைப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

எம்.கியூ.ஏ-வின் 2017-ஆம் ஆண்டு அங்கீகார நெறிமுறையில் உள்ள ஏழு பகுதிகளில் ஐந்து பகுதிகள் அரை நாளிலேயே முடிந்தன. விரிவுரையாளர் தகுதி, நூலகம், மாணவர் சேர்க்கை எதிலும் கேள்வி வரவில்லை.

முதல் அடி கற்றல் நேரக் கணக்கில் விழுந்தது. வகுப்பு, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்ந்ததுதான் கற்றல் நேரம். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம், மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120. வரிவிதிப்புப் பாடத்தின் அட்டவணையைக் கூட்டினால் 112 தான் வந்தது. இறுதித் தேர்வு எழுதும் 3 மணியையும், அதற்குப் படிக்கும் 5 மணியையும் யாரோ சேர்க்க மறந்திருக்கிறார்கள். தயவுசெய்து கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். முந்தைய ஆள் சரிபார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள்.

பெரிய அடி ஏழாவது பகுதியில், அதாவது படிப்பைக் கண்காணித்துத் தொடர்ந்து மேம்படுத்துகிறோமா என்று பார்க்கும் பகுதியில். அதே வரிவிதிப்புப் பாடத்தில், கேள்விகள் மனப்பாடத்தை மட்டுமே சோதிக்கின்றன என்று வெளித் தேர்வாளர் எழுதியிருந்தார். அதன் பிறகு கேள்வித்தாளை மாற்றினோம், டுடோரியலைக் கூட்டினோம். இதெல்லாம் உண்மையாகவே நடந்தது, அந்த வகுப்பை எடுத்தவளே நான்தான். ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டத்தின் குறிப்பு கோப்பில் இல்லை. வாட்ஸ்அப் செய்திகளைக் காட்டினேன், குழு ஏற்கவில்லை. “கையெழுத்து இருக்கா டீச்சர்?” என்று தலைவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

“இப்பவே எழுதிப் பழைய தேதியைப் போட்டுடுங்க மேடம், யாரு பார்க்கப் போறா” என்றார் சக விரிவுரையாளர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தரத்தைக் காட்டும் கோப்பில் பொய் ஒன்று நுழைந்துவிட்டால், அதிலுள்ள மற்ற தாள்களை யார் நம்புவார்கள்? அந்த வகுப்பில் பலர் பிடிபிடிஎன் கடனில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள். அங்கீகாரம் இழுபட்டால் அடி அவர்களுக்குத்தான்.

பாடத்தில் மாற்றம் செய்தால் துறைக் கூட்டத்தோடு நிற்காது, புல (ஃபேக்கல்டி) வாரியத்துக்கும் போயிருக்க வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. அந்தக் குறிப்புகள் அம்பாங்கில் உள்ள தலைமை அலுவலகப் பதிவகத்தில் இருக்கும். போன் பண்ணினேன், வந்து பார்க்கச் சொன்னார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் வகுப்பை முடித்துவிட்டு, கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. புல முதல்வரின் கடிதம் இல்லாமல் கோப்பைத் தொட முடியாது என்றார் குமாஸ்தா. “போனில் சொல்லியிருக்கலாமே காக்” என்று கேட்டேன் (காக் என்றால் மலாயில் அக்கா). அவர் கணினித் திரையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. அன்று திரும்பி வரும்போது ரயிலில் அழுகை முட்டியது.

கடிதம் கிடைக்க நான்கு நாள். இரண்டாவது நடையில் அதே கவுண்டரில் வேறொரு காக் இருந்தார். பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். வாரியக் குறிப்பில் எங்கள் பாடத்தின் பெயர், மாற்றத்துக்கான காரணம், தேதி, தலைவரின் கையெழுத்து எல்லாமே இருந்தன. அந்தக் காக்குக்கு இரண்டு தடவை நன்றி சொன்னேன்.

வெளித் தேர்வாளர் அறிக்கை வந்த அன்றே, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேராக என்ன செய்தீர்கள், எந்தக் கூட்டத்தில், எந்தக் குறிப்பு எண் என்று எழுதி வையுங்கள். கையெழுத்தான நகலை உங்கள் அலமாரியிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவகத்துக்குப் போவதாக இருந்தால் கடிதத்தோடு போங்கள்.

குழு அந்தக் குறிப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் இன்னொன்றையும் கேட்டது: மாற்றிய பிறகு மாணவர்கள் தேறினார்களா? நியாயமான கேள்வி. இரண்டு செமஸ்டர் மதிப்பெண்களை எடுத்துக் கற்றல் அடைவு (பாடம் முடியும்போது மாணவர் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை) வாரியாக ஒப்பிட எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. கணக்குப் போட்டுத் தீர்க்கும் கேள்விகளில் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்தைத்தான் கோப்பின் முதல் தாளாக வைத்திருக்கிறேன். மனு அடுத்த மாதம் சைபர்ஜெயாவில் உள்ள எம்.கியூ.ஏ அலுவலகத்துக்குப் போகிறது.